ஈமமேட்டின் வயது எது? ஒரே குவையில் பல காலங்கள் படிந்தது எப்படி

யாழ்ப்பாணத்து ஆனைக்கோட்டையிலோ கந்தரோடையிலோ நிலத்தடியிலிருந்து பழம்பொருட்கள் வெளிப்பட்டதாகச் செய்தி வரும்போதெல்லாம், ஒரே இடத்துக்குப் பல வயதுகள் சொல்லப்படுவதை வாசகர்கள் கவனித்திருப்பார்கள். ஒருவர் அதைப் பெருங்கற்கால, அதாவது தென்னாசிய இரும்புக்கால, ஈமக்காடு என்பார். மற்றொருவர் பௌத்த எச்சம் என்பார். மூன்றாமவர் அங்கு கிடைப்பது இடைக்காலப் பொருள்தான் என்பார். இவர்களுள் ஒருவர் மட்டுமே சரியாக இருக்க முடியும் என்ற எண்ணத்தில் விவாதம் சூடு பிடிக்கும். மூவர் சொல்வதும் ஒருசேர உண்மையாக இருக்கக்கூடும் என்பதே இக்கட்டுரை விளக்க முற்படும் செய்தி. இறந்தோருக்காக ஒருமுறை உயர்த்தப்பட்ட மேட்டைப் பின்வந்தோர் பலமுறை தமதாக்கிக்கொண்டிருக்கிறார்கள். அந்த ஒவ்வொரு முறைக்கும் தனித்தனி வயது உண்டு.

இதைத் தெளிவாகக் காட்டும் இடம் யாழ்ப்பாணத்தில் இல்லை. ஆயிரக்கணக்கான கிலோமீற்றருக்கு அப்பால், அயர்லாந்தின் மீத் மாவட்டத்தில், தாரா என்னும் குன்றின்மேல் இருக்கிறது. அங்குள்ள ஈமமேடு நவீன முறையில் அகழப்பட்டு, அகழ்வின் முடிவுகள் முழுமையாக வெளியிடப்பட்டிருப்பதால், எந்த அடுக்கில் எது கிடந்தது என்று பின்தொடர்ந்து பார்க்க முடிகிறது. முதலில் அந்த மேட்டைப் பார்த்துவிட்டு, பின்னர் நம் மண்ணுக்கு வருவோம்.

முதலில் சில சொற்கள்

1. ஈமமேடு என்பது இறந்தோரின் உடலையோ எரித்த எலும்பையோ வைத்த இடத்தின்மேல் மண்ணாலும் கல்லாலும் உயர்த்திய குவை. கல்லால் மட்டும் குவித்தால் அது கற்குவை.

2. நடைவழிக் கல்லறை என்பது நெடுங்கற்களை இருபுறமும் நட்டு, மேலே பலகைக் கற்களால் மூடி, உள்ளே நுழைந்து செல்லத்தக்க வழியுடன் அமைத்து, அதன்மேல் மேடு எழுப்பிய கல்லறை. உள்ளே போகும் வழி இருப்பதுதான் இதன் சிறப்பு. வாசல் உள்ள கல்லறையை மறுபடியும் திறக்கலாம்.

3. பின்செருகல் அடக்கம் என்பது ஏற்கெனவே முடிந்த மேட்டில் பிற்காலத்தவர் குழி வெட்டித் தம் இறந்தோரை வைப்பது. ஓர் உடலை வேறிடத்தில் சிலகாலம் வைத்து, எலும்புகளை மட்டும் திரட்டி அடக்கும் வழக்கம் இதனின்றும் வேறானது. தமிழில் எழுதப்படும் செய்திகளில் இவ்விரண்டும் ‘இரண்டாம்நிலை அடக்கம்’ என்ற ஒரே பெயரால் குறிக்கப்படுவதுண்டு. குழப்பத்தின் ஒரு பகுதி அங்கேயே தொடங்கிவிடுகிறது.

4. மண்ணடுக்கு என்பது ஒரு காலத்தில் படிந்த, நிறத்தாலோ தன்மையாலோ மேலும் கீழும் உள்ளவற்றினின்று பிரித்தறியக்கூடிய மண்.

குன்றின் உச்சியை ஏன் தேர்ந்தார்கள்?

உச்சியில் எழுப்பிய மேடு தொலைவிலிருந்தே தெரியும். கீழே மாடு மேய்ப்பவருக்கும் வழிப்போக்கருக்கும் இந்த நிலம் யாருடைய முன்னோர் கிடக்கும் நிலம் என்பதை அது நாள்தோறும் உணர்த்தும். உழவுக்கு உதவாத உயரமாக இருந்தால் ஏருக்கும் தப்பும்.

குடாநாட்டில் மலை கிடையாது. கீரிமலையின் பெயரில்தான் மலை இருக்கிறது. ஆகவே இங்கு ஓரிரண்டு மீற்றர் உயர்ந்த மணல் மேடும் பிட்டியும் திடலும், வேறு நாடுகளில் குன்று வகிக்கும் இடத்தை வகித்தன. மாரியில் வெள்ளம் தேங்கும் தரவையும் கடல்நீர் ஏறும் கரையும் உள்ள நிலத்தில், நனையாத மண்ணே குடியிருக்கவும் அடக்கம் செய்யவும் ஏற்றது. அந்த மேடுகள் பலமுறை பயன்பட்டதற்கு இதுவே முதற்காரணம் என்று கொள்ளலாம்.

தாரா: ஒரு மேடு, ஐந்து வகைப் பயன்பாடு

தாராவின் ஈமமேட்டை ‘பிணையாளிகளின் மேடு’ என்று அழைக்கிறார்கள். அயர்லாந்தின் அரசர் பிற சிற்றரசர்களிடமிருந்து பிணையாகப் பெற்ற ஆட்களோடு தொடர்புபடுத்தி இடைக்காலத்தில் வழங்கிய பெயர் அது. மேட்டைக் கட்டியவர்கள் அதை எப்பெயரால் அழைத்தார்கள் என்பதை எந்த எழுத்தும் காக்கவில்லை. மேட்டின் குறுக்களவு ஏறத்தாழ 21 மீற்றர். உள்ளே செல்லும் வழி 4 மீற்றர் நீளமும் ஒரு மீற்றர் அகலமும் மட்டுமே உடையது. குனிந்து நுழைய வேண்டிய இந்தச் சிறு வழியைக் குறுக்குக் கற்கள் மூன்று அறைகளாகப் பிரிக்கின்றன. 1955ஆம், 1956ஆம் ஆண்டுகளில் தொல்லியலாளர் ஷான் ஓ ரீர்டான் இதை அகழ்ந்தார். அவர் 1957இல் மறைந்ததால், 1959இல் ருவாரி த வலேரா பணியை நிறைவுசெய்தார். முழு அறிக்கை மியூரிஸ் ஓ’சலிவன் எழுதி 2005இல்தான் வெளிவந்தது. அகழ்வுக்கும் அறிக்கைக்கும் இடையே ஏறத்தாழ அரை நூற்றாண்டு. அந்த இடைவெளியில் இந்த மேட்டைப் பற்றி எழுதப்பட்டவற்றுள் பல ஊகங்களாகவே இருக்க நேர்ந்தது.

முதல் பயன்பாடு: கற்காலக் கல்லறை. கி.மு. 4ஆம் ஆயிரமாண்டின் பிற்பகுதியில், புதிய கற்கால உழவர்கள் இக்கல்லறையைக் கட்டினார்கள். அதன் அடியில், அதற்கும் முற்பட்ட அகழி ஒன்றின் பகுதி காணப்பட்டது. எனவே கல்லறை எழுமுன்பே அந்த இடத்துக்கு ஏதோ முக்கியத்துவம் இருந்திருக்கிறது. மூன்று அறைகளிலும், நெடுங்கற்களுக்கு வெளிப்புறம் ஒட்டி அமைத்த சிறு கற்பேழைகளிலும், எரியூட்டப்பட்ட எலும்புகள் குவிந்து கிடந்தன. இவை பெருந்தொகையான மனிதர்களுக்குரியவை; தலைமுறை தலைமுறையாகக் கொண்டுவந்து சேர்த்தவை. கல்லறையின்மேல் முதலில் கற்குவையும், அதன்மேல் ஏறத்தாழ ஒரு மீற்றர் கனத்துக்கு மண்போர்வையும் இடப்பட்டன. நவம்பர்த் தொடக்கத்திலும் பெப்ரவரித் தொடக்கத்திலும் உதயசூரியனின் ஒளி வழிக்குள் புகும்படி வாசல் அமைந்திருக்கிறது.

இரண்டாம் பயன்பாடு: வெண்கலக்கால இடுகாடு. கட்டி ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் கழிந்தபின், கி.மு. 2000ஐ ஒட்டிய நூற்றாண்டுகளில், வெண்கலம் அறிந்த மக்கள் இங்கு வந்தார்கள். சிலர் பழைய வழியைத் திறந்து உள்ளே கிடந்த எலும்புகளை ஒதுக்கிவிட்டுத் தம் இறந்தோரை வைத்தார்கள். பலர் மேட்டின் மண்போர்வையிலேயே குழி வெட்டி, எரித்த எலும்பின்மேல் தாழியைத் தலைகீழாகக் கவிழ்த்து மூடினார்கள். நம் முதுமக்கள் தாழியில் எலும்பு உள்ளே இடப்பட்டு வாய் மூடியால் மூடப்படும். தாராவில் தாழியே மூடி.

இவர்களுள் ஒருவரை மட்டும் சற்று நெருங்கிப் பார்க்கலாம். பதினான்கு, பதினைந்து வயதுடைய ஒரு சிறார். மண்போர்வையில் வைக்கப்பட்ட மற்றெல்லோரும் எரிக்கப்பட்டிருக்க, அவர் மட்டும் எரிக்கப்படாமல், கைகால் மடக்கிய நிலையில் புதைக்கப்பட்டிருந்தார். கழுத்தில் ஒரு மாலை. அதில் வெண்கல மணி, அம்பர் எனப்படும் கல்லாய் இறுகிய மரப்பிசின் மணி, ஜெட் எனப்படும் கறுப்புக் கல் மணி, கண்ணாடிப் பூச்சுப்போல மினுங்கும் ஃபையான்ஸ் மணி ஆகியவை கோக்கப்பட்டிருந்தன. அருகே வெண்கலக் கத்தியொன்றும் துளையூசியொன்றும் கிடந்தன. அம்பர் அயர்லாந்துக்கு வெளியே இருந்து வரவேண்டிய பொருள். கடல்கடந்து வந்த மணிகளை அணிவித்து, ஊரின் வழக்கத்துக்கு மாறாக எரிக்காமல், அந்த உச்சியில், அந்தப் பழைய மேட்டிலேயே அவரை வைக்க வேண்டும் என்று ஒரு குடும்பமோ ஒரு குடியோ முடிவெடுத்திருக்கிறது. அவருடைய காலம் ஏறத்தாழ கி.மு. 17ஆம் நூற்றாண்டு. கல்லறையைக் கட்டியவர்களுக்கும் அவருக்கும் இடையே உள்ள தொலைவு, சோழர் காலத்துக்கும் நமக்கும் இடையே உள்ளதைவிடக் கூடியது. ‘5,000 ஆண்டு மேட்டில் கிடைத்த எலும்புக்கூடு’ என்று ஒரு தலைப்பு எழுதப்பட்டால், அதில் ஒவ்வொரு சொல்லும் உண்மையாக இருந்தும், வாசகர் மனதில் பதியும் செய்தி பொய்யாகிவிடும்.

மூன்றாம் பயன்பாடு: அரசுரிமையின் அடையாளம். கி.மு. 1ஆம் நூற்றாண்டளவில், மேட்டைத் தன்னுள் அடக்கி, ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் சுற்றளவுள்ள பெருவளைவு ஒன்று குன்றின் உச்சியைச் சூழ எழுப்பப்பட்டது. இதில் கரை வெளிப்புறமும் அகழி உட்புறமும் இருக்கின்றன. பகைவரைத் தடுக்கும் கோட்டையில் இது நேர்மாறாக இருக்க வேண்டும். ஆகவே இது சடங்குக்கான எல்லை என்றே ஆய்வாளர் கொள்கின்றனர். இடைக்காலத்தில் அயர்லாந்தின் பேரரசுரிமை தாராவோடு பிணைத்துப் பேசப்பட்டது. அரசுரிமையை அறிவிக்கும் கல்லாகக் கதைகளில் வரும் லியா ஃபால் என்னும் நிறுத்திய கல்லும் முன்னர் இந்த மேட்டருகேதான் நின்றது.

நான்காம் பயன்பாடு: போர்க்களமும் நினைவிடமும். 1798 மே 26ஆம் நாள் ஆங்கில ஆட்சிக்கெதிரான கிளர்ச்சியாளர்கள் தாராவில் தோற்கடிக்கப்பட்டார்கள். பின்னர் லியா ஃபால் அங்கிருந்து பெயர்க்கப்பட்டு, மாண்ட கிளர்ச்சியாளரின் நினைவாகக் குன்றின் வேறொரு மேட்டில் நடப்பட்டது. இப்போது அந்தக் கல் நிற்கும் இடத்தை மட்டும் வைத்துப் பழங்கால முடிசூட்டு இடத்தைக் குறிப்பவர் தவறிவிடுவார்.

ஐந்தாம் பயன்பாடு: அரசியல் மேடை. 1843 ஆகஸ்ட் 15ஆம் நாள் அயர்லாந்தின் அரசியல் தலைவர் டானியல் ஓ’கானல் கூட்டிய மாபெரும் கூட்டத்துக்கு இலட்சக்கணக்கானோர் இங்கு திரண்டதாகச் சொல்லப்படுகிறது. இக்குன்றின் பெயருக்கிருந்த வலிமைதான் அவரை இங்கு கொண்டுவந்தது.

சேதமும் இதே வலிமையால்தான் வந்தது. 1899 முதல் 1902 வரை, விவிலியத்தில் வரும் உடன்படிக்கைப் பேழை தாராவில் புதைந்திருப்பதாக நம்பிய ஒரு குழுவினர், பிணையாளிகளின் மேட்டுக்கு அருகிலுள்ள வளைவொன்றைத் தோண்டிக் குலைத்தார்கள். கவிஞர் யேட்ஸ் உள்ளிட்டோர் எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். பேழை கிடைக்கவில்லை. ரோமானியக் காலத் தொடர்புகளைக் காட்டும் அடுக்குகள் அங்கு இருந்ததைப் பிற்கால அகழ்வு வெளிப்படுத்தியது. அவற்றில் ஒரு பகுதியைப் பேழை தேடியவர்கள் ஏற்கெனவே புரட்டிப் போட்டிருந்தார்கள். தாம் தேடிவந்த ஒரே காலத்தைத் தவிர மற்றெல்லாக் காலங்களையும் குப்பையாகக் கருதியதன் விளைவு இது.

பிற்காலக் குழியை எப்படி இனங்காண்கிறார்கள்?

மேலே உள்ளது புதியது, கீழே உள்ளது பழையது என்பது பள்ளி மாணவரும் அறிந்த விதி. ஈமமேட்டில் இந்த விதியை அப்படியே பொருத்தினால் பிழை வரும். சீமெந்து முற்றத்தை உடைத்துத் தண்ணீர்க் குழாய் புதைத்தால், குழாய் சீமெந்துக்குக் கீழேதான் கிடக்கும். ஆனால் வயதில் அது சீமெந்துக்கு இளையது. பின்செருகல் அடக்கமும் அப்படித்தான். ஆகவே பொருள் எவ்வளவு ஆழத்தில் கிடந்தது என்பதைக் காட்டிலும், அது எந்த மட்டத்திலிருந்து வெட்டிய குழியில் கிடந்தது என்பதே முக்கியம். இதற்கு மூன்று சான்றுகள் சேர வேண்டும்.

1. குழியின் விளிம்பு. வெட்டி மூடிய மண் சுற்றியுள்ள மண்ணைப்போல் இறுகியிராது, நிறமும் கலங்கியிருக்கும். செங்குத்தாக வெட்டி நிறுத்திய மண்சுவரில் இந்த விளிம்பு கோடாகத் தெரியும். அகழ்வுக்குழி எப்போதும் நேரான சுவரோடு தோண்டப்படுவது இக்கோட்டைப் படிப்பதற்காகவே.

2. உடன் கிடந்த பொருள். வெண்கலக் கத்தியோடு கிடப்பவர் வெண்கலத்துக்கு முந்தியவராக இருக்க முடியாது. எதிர்த்திசையில் இந்த வாதம் செல்லாது. பழைய மணியைப் பிற்காலத்தவரும் அணியலாம்.

3. கரிமம்-14 காலக்கணிப்பு. உயிருள்ளவரை உடலில் சேரும் கதிரியக்கக் கரிமம், இறந்தபின் சீராகக் குறைந்துகொண்டே போகும். எஞ்சியதை அளந்து காலத்தைக் கணிக்கிறார்கள். எரிந்த எலும்பில் கரிமப் புரதம் அழிந்துவிடுவதால் நீண்டகாலம் அதை அளக்க வழியிருக்கவில்லை. பக்கத்தில் கிடந்த விறகுக் கரியையே அளந்தார்கள். மரம் நூற்றுக்கணக்கான ஆண்டுகள் வாழ்ந்ததாக இருந்தால், அதன் உட்பகுதிக் கரி அடக்கத்தைவிட மூத்த வயதைக் காட்டும். எரிந்த எலும்பின் கனிமப் பகுதியிலேயே எஞ்சும் கரிமத்தை அளக்கும் முறை 1990களின் பிற்பகுதியில் உருவான பின்னரே, தாரா போன்ற இடங்களின் காலவரிசை உறுதிப்பட்டது.

எனவே ஒரு செய்தியில் ‘கரிம ஆய்வின்படி இத்தனை ஆண்டு’ என்று கண்டால், அளக்கப்பட்டது எலும்பா கரியா, எந்தக் குழியிலிருந்து எடுத்தது என்ற இரண்டும் சொல்லப்பட்டிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். சொல்லப்படாவிட்டால், அந்த எண்ணை மேட்டின் வயதாகக் கொள்ள இடமில்லை.

திரும்பி வந்தவர்கள் கட்டியவர்களின் சந்ததியா?

பழைய மேட்டில் புதிய அடக்கம் கண்டவுடன் ‘தொடர்ச்சி’ என்று சொல்லிவிடத் தோன்றும். இங்குதான் அதிக நிதானம் வேண்டும். 2016இல் வெளிவந்த மரபணு ஆய்வொன்று, பெல்ஃபாஸ்டுக்கு அண்மையில் கிடைத்த புதிய கற்காலப் பெண் ஒருவரையும், ராத்லின் தீவில் கிடைத்த வெண்கலக்கால ஆண்கள் மூவரையும் ஒப்பிட்டது. பெண்ணின் முன்னோர் பெரும்பாலும் கிழக்கு மத்தியதரைப் பக்கமிருந்து பரவிய உழவர்கள். ஆண்களிடமோ ஐரோவாசியப் புல்வெளியிலிருந்து வந்த மரபுக்கூறு கணிசமாக இருந்தது. இடையில் புதிய மக்கள் பெருமளவில் வந்து கலந்திருக்கிறார்கள். ஆய்வு தாராவின் எலும்புகளில் செய்யப்பட்டதன்று. எனினும், அம்மேட்டைக் கட்டியோரும் மணிமாலைச் சிறாரை அங்கு வைத்தோரும் ஒரே குருதிவழியினர் என்று எடுத்துக்கொள்ள முடியாது என்பதை அது உணர்த்துகிறது.

அப்படியானால் ஏன் அதே மேட்டைத் தேடினார்கள்? புதிதாக வந்தவருக்கே பழைய முன்னோர் அதிகம் தேவைப்படுகிறார்கள் என்பது ஒரு விளக்கம். இருப்பவற்றுள் எனக்கு மிக வலுவாகத் தோன்றுவதும் அதுதான். நிலத்தில் ஏற்கெனவே நிற்கும் நினைவுச்சின்னத்தில் தம் இறந்தோரை வைப்பவர், அந்நிலத்தின் வரலாற்றுக்குள் தம்மையும் எழுதிக்கொள்கிறார். வசதியும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். புதிதாக மேடெழுப்பும் உழைப்பு மிச்சமாகும். புனிதமும் ஆட்சியும் இடமாறுவதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். பிரான்சின் கார்னாக்கில் கற்கால ஈமமேட்டின் தலையில் புனித மிக்கேல் சிற்றாலயம் நிற்கிறது. ஜேர்சித் தீவின் லா ஹூக் பீ மேட்டின் உச்சியில் இடைக்காலச் சிற்றாலயம் எழுந்தது. 1942இல் ஜெர்மன் படை அதே மேட்டில் பதுங்கறை கட்டியது. உள்ளே புதிய கற்காலக் கல்லறை இருப்பது 1924இலேயே தெரிந்திருந்தும் அது நடந்தது. உயரம் எல்லாக் காலத்தவருக்கும் ஏதோ ஒன்றுக்கு உதவுகிறது.

யாழ்ப்பாணத்து மேடுகளில் இதை எப்படிப் பொருத்துவது?

ஆனைக்கோட்டை. 1980ஆம் ஆண்டின் இறுதியிலும் 1981இன் தொடக்கத்திலும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் குழுவினர் இங்கு பெருங்கற்காலப் பண்பாட்டுக்குரிய அடக்கங்களை அகழ்ந்தார்கள். எலும்புக்கூட்டோடு கறுப்பு-சிவப்பு மட்பாண்டங்களும், தலைப்பக்கத்தில் ஒரு சிறு முத்திரையும் கிடைத்தன. முத்திரையில் மேல்வரிசையில் குறியீடுகளும் கீழ்வரிசையில் பிராமி எழுத்துகளும் பொறிக்கப்பட்டுள்ளன. பானையின் நிறத்தைக் கொண்டு அதைச் செய்தவர் பேசிய மொழியைச் சொல்ல முடியாது. கறுப்பு-சிவப்பு மட்பாண்டம் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் பரந்து வழங்கியது. எழுத்துள்ள பொருள் ஒன்று, கலையாத அடக்கத்தில், ஒருவரின் தலைமாட்டில் கிடந்ததால்தான் அம்முத்திரைக்கு அவ்வளவு மதிப்பு. அதே முத்திரை அள்ளிக் கொட்டிய மண்ணில் கிடைத்திருந்தால், எந்தக் காலத்து மனிதரோடும் அதைச் சேர்த்துப் பேச வழியிருந்திராது.

கந்தரோடை. 1917ஐ ஒட்டி வரலாற்றாசிரியர் போல் பீரிஸ் இங்கு ஆய்வு செய்தார். நிலத்துக்கு மேலே தெரிபவை சிறு பௌத்தத் தூபிகள். 1970இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக அருங்காட்சியகக் குழு செய்த அகழ்வில், பெருங்கற்காலப் பண்பாட்டோடு தொடர்புள்ள மட்பாண்டங்களைக் கொண்ட குடியிருப்பு அடுக்குகள் வெளிப்பட்டன. ‘இங்கு தூபிகள் உண்டு’ என்பதும் ‘இங்கு பெருங்கற்காலப் பண்பாட்டு மக்கள் வாழ்ந்தார்கள்’ என்பதும் ஒன்றையொன்று மறுக்கும் கூற்றுகள் அல்ல. அவை வெவ்வேறு அடுக்குகளைப் பற்றியவை. தமிழரிடையே பௌத்தம் வழங்கிய காலமும் இருந்ததால், தூபி கண்டவுடன் மக்களை மாற்றிவிடுவதும் பொருந்தாது. தாழி கண்டவுடன் தூபியை மறுப்பதும் பொருந்தாது. இவ்விடத்தில் இரு தரப்பினரும் மேல் அடுக்கையோ கீழ் அடுக்கையோ மட்டும் பிடித்துக்கொண்டு முழு மேட்டுக்கும் உரிமை கோருவது எனக்குப் பெரும் வருத்தம் தருகிறது. அதனால் இழப்பது இடையிலுள்ள நூற்றாண்டுகளை.

சட்டத்தில் எந்த அடுக்குக்குப் பாதுகாப்பு?

இலங்கையில் இதை ஆள்வது 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டம். பின்வருவன ஒவ்வொரு மேட்டுக்கும் பொருந்தும்.

1. 1815 மார்ச் 2ஆம் நாளுக்கு முற்பட்டவற்றையே இச்சட்டம் இயல்பாகத் தொல்பொருளாகக் கொள்கிறது. கண்டி ஒப்பந்தத்தின் நாள் அது. தாரா இச்சட்டத்தின்கீழ் இருந்திருந்தால், 1798ஆம் ஆண்டுக் கிளர்ச்சியாளரின் புதைகுழி உள்ளடங்கும். அதன்மேல் பின்னாளில் நட்ட நினைவுக்கல்லுக்குத் தனி ஏற்பாடு வேண்டியிருக்கும். ஒரே மேட்டின் மேல் அடுக்குக்கும் கீழ் அடுக்குக்கும் வேறுவேறு நிலை என்பது நடைமுறையில் பெரும் சிக்கல்.

2. தொல்பொருள் தேடி அகழ்வதற்குத் தொல்லியல் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். காணி உறுதி கையில் இருப்பதாலேயே அந்த உரிமை வந்துவிடாது.

3. கிணறு வெட்டும்போதோ அத்திவாரம் தோண்டும்போதோ தற்செயலாகத் தொல்பொருளைக் கண்டவர் அதை அதிகாரிகளுக்கு அறிவிக்கக் கடமைப்பட்டவர்.

அபிவிருத்தி வேலை வரும்போது வேறொரு கேள்வி எழும். தாராவை ஒட்டிய பள்ளத்தாக்கின் ஊடாக எம்3 நெடுஞ்சாலை அமைக்கப்பட்டபோது, 2007இல் லிஸ்மல்லின் என்ற இடத்தில் மரத்தூண் வட்டம் ஒன்றின் தடயம் வெளிப்பட்டது. அது தேசிய நினைவுச்சின்னமாக ஏற்கப்பட்டும், முழுமையாக அகழ்ந்து பதிவுசெய்தபின் அதன்மேலாகவே சாலை போடப்பட்டு 2010இல் திறக்கப்பட்டது. இடம் போனது, பதிவு எஞ்சியது. அந்தத் தீர்ப்பு சரியா என்று அங்கு இன்றும் வாதிடுகிறார்கள்.

நம்மிடம் நிலைமை பெரும்பாலும் அந்த அளவுக்கும் வருவதில்லை. பள்ளக்காணியை நிரப்ப ஓர் இழுவைப் பெட்டி மண் வேண்டுமென்றால், பயிரில்லாத மேட்டுக்காணியே கண்ணில் படும். இயந்திரக் கரண்டி ஒருமுறை இறங்கி ஏறினால் குழியின் விளிம்பும் அடுக்கும் அங்கேயே முடிந்துவிடும். எஞ்சும் பானை ஓடுகள் கொட்டிய இடத்தில் கிடக்கும். அப்படி ஓடோ எலும்போ தெரிந்தால் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: தோண்டுவதை அத்துடன் நிறுத்துவது, வெட்டிய பக்கத்து மண்சுவரை இடிக்காமலும் சீவாமலும் விடுவது, பொருளைப் பிடுங்காமல் கிடந்த இடத்திலேயே அளவுகோலோ அடிமட்டமோ அருகில் வைத்துப் படமெடுப்பது, அள்ளிய மண் எங்கே கொட்டப்பட்டது என்பதைக் குறித்துவைத்து, கிராம அலுவலருக்கோ பிரதேச செயலகத்துக்கோ தொல்லியல் திணைக்களத்துக்கோ அன்றைக்கே தெரிவிப்பது.